ஆவணப்படம்: எடுத்தலும் விலக்கலும்

படம் எடுத்தல் எளிது. எடுத்ததை விலக்குதல் அரிது. காந்தியடிகளைப் பற்றிய ஆவணப்படத்தை 1937இல் எண்ணத் தொடங்கிய ஏ. கே. செட்டியார், பல நாடுகளுக்குஞ் சென்று ஏறத்தாழ 50,000 அடிப் படச்சுருளைத் திரட்டினார். 1940இல் வெளிவந்த படமோ 12,000 அடியே.

இவ்வருமையை யாம் சின்னசேலத்தில் உணர்ந்தோம். கல்வராயன் மலையினின்று வரும் புளிக்கும் கடுக்காய்க்கும் விலை வைப்பவர் யாவர் என்பதே எம் வினா. விற்போரிடமும் வாங்குவோரிடமும் இசைவு பெற்றோம். சேய்மையினின்று சந்தையையும், அண்மையில் தராசையும் பணம் எண்ணுங் கைகளையும் படமெடுத்தோம்; ஒலியைத் தனியே பதிந்தோம்.

தொகுக்குங்கால் அனைத்தையும் முதலிற் பார்த்துக் குறிப்பெழுதி, நிகழ்ந்த முறையில் அடுக்கினோம். வினாவுக்கு விடை தராத காட்சிகளை நீக்கினோம். எஞ்சியவற்றுள் தலைசிறந்தது, பெற்ற பணத்தை எண்ணிக் கண் கலங்கிய மூதாட்டியார் ஒருவரின் முகம். ஆனால் அவர் தம் கைகளை மட்டுமே படமெடுக்க இசைந்திருந்தார். முகம் எம் கவனக்குறைவாற் பதிந்தது. நெடுநேரம் வாதிட்டபின் அதனையும் நீக்கினோம். இன்று எம் படத்தில் அவர் கைகளே பேசுகின்றன.

படமெடுக்கப் புகும் நண்பர்களே, பொருத்தத்தோடு இசைவையும் நோக்கித் தொகுப்பீராக.