ஒரு விரல் அகல வளையம்: சேண்டர் வாங்கும் முன் ஒரு கணக்குப் பாடம்

வகுப்புக்கு வேண்டிய துணைக்கருவிகளை மரப்பலகையில் தாமே செய்துகொள்ளும் ஆசிரியர்களில் நானும் ஒருவன். டான்கிராம், பின்னப் பலகை, மணிச்சட்டம் என விடுமுறை நாள்களில் ஏதாவது ஒன்று உருவாகும். குழந்தைகள் கையாளும் பொருள் என்பதால் விரலில் சிலாம்பு ஏறாதபடி தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். வேலையில் பாதி நேரம் உப்புத்தாளுக்கே போய்விடும். அதனால்தான் ரேண்டம் ஆர்பிட்டல் சேண்டர் என்ற தேய்ப்பு இயந்திரத்தின் பக்கம் வந்தேன். அதைப் பார்க்கும் சக ஆசிரியர்கள் முதலில் கேட்பது, "எந்த சைஸ் வாங்கலாம் சார்?" என்பதைத்தான். இந்தக் கேள்வியையே ஏழாம் வகுப்பில் வட்டத்தின் பரப்பளவுக்குப் பாடமாக்கிக்கொண்டேன்.

இந்த இயந்திரங்கள் பெரும்பாலும் 125 மி.மீ., 150 மி.மீ. விட்டமுள்ள வட்டுகளுடன் வருகின்றன. கடைக்காரர் 5 இஞ்ச், 6 இஞ்ச் என்பார். 75 மி.மீ. அளவில் சிறியதும் உண்டு. மூன்று அளவுகளிலும் சார்ட் தாளில் வட்டங்களை வெட்டி மாணவர்களிடம் கொடுத்தேன். 150-இன் நடுவில் 125-ஐ வைத்ததும், "சுத்தி ஒரு விரல் அகலம்தான் சார் கூட இருக்கு" என்றாள் ஒரு மாணவி. சரிதான், வெளியே தெரியும் வளையத்தின் அகலம் பன்னிரண்டரை மி.மீ. மட்டுமே.

"அந்த வளையம் பெரிதா, 75 மி.மீ. வட்டம் பெரிதா?" என்று கேட்டேன். ஏறத்தாழ எல்லாக் கைகளும் வட்டத்துக்கே உயர்ந்தன. பிறகு கணக்கிட்டோம். பெரிய வட்டு சுமார் 177 ச.செ.மீ.; நடு வட்டு 123 ச.செ.மீ.; ஆக வளையம் 54 ச.செ.மீ. சிறிய வட்டமோ 44 ச.செ.மீ.தான். நம்பாத இருவர் வளையத்தைத் துண்டு துண்டாக வெட்டிச் சிறிய வட்டத்தின் மேல் அடுக்கிப் பார்த்தார்கள். வட்டம் மூடிய பிறகும் கையில் துண்டுகள் மிச்சம் இருந்தன. விட்டம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடியது, பரப்போ 44 விழுக்காடு கூடிவிட்டது. ஆரத்தை ஏன் வர்க்கப்படுத்துகிறோம் என்று அன்று நான் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

அப்படியானால் பெரியதையே வாங்கிவிடலாமே? இங்கேதான் எட்டாம் வகுப்பு அறிவியலின் விசையும் அழுத்தமும் குறுக்கே வருகிறது. அதே கை, அதே விசை. பரப்பு கூடினால் ஒவ்வொரு சதுர செ.மீ.க்கும் கிடைக்கும் அழுத்தம் குறையும். 125-இல் இருப்பதில் சுமார் 70 விழுக்காடுதான் 150-இல் இருக்கும். அதை ஈடுகட்ட மோட்டாரும் எடையும் பெரிதாகின்றன. கதவு, மேசைப்பலகை போன்ற அகன்ற பரப்புகளுக்கு அது நல்லது. நாம் செய்யும் ஒரு முழம் பலகைக்கு அது வீண் சுமை.

இன்னொரு காரணம், வேலைப்பொருளின் அகலம். 4 செ.மீ. அகலச் சட்டத்தில் 15 செ.மீ. வட்டை வைத்தால் இருபுறமும் தொங்கும். கை சற்றுச் சாய்ந்தாலும் விளிம்பு மழுங்கிவிடும். வட்டில் பாதிக்கு மேல் மரத்தின் மீது தங்கவேண்டும் என்பது நான் வைத்திருக்கும் கணக்கு. குறுகிய சட்டங்களாக இருந்தால் நான்கைந்தை ஒட்டி அடுக்கி, கிளாம்ப் போட்டு, ஒரே பலகைபோலத் தேய்த்துவிடலாம். ஆக, ஒரே ஒரு இயந்திரம்தான் வாங்க முடியும் என்றால் 125 மி.மீ. என்பதே என் பரிந்துரை.

கடையில் சொல்லப்படாத இன்னோர் அளவும் உண்டு. வட்டு தன் அச்சில் சுழல்கிறது. அதே வேளையில் அந்த அச்சும் ஒரு சிறு வட்டப் பாதையில் சுற்றுகிறது. பூமியின் சுழற்சியும் சுற்றுதலும் நடத்தும் ஆசிரியருக்கு இது கைக்கெட்டும் எடுத்துக்காட்டு. இரண்டும் சேர்வதால் மணல் துகள்கள் ஒரே தடத்தில் திரும்பத் திரும்பப் போவதில்லை. வட்டக் கீறல்களும் எளிதில் தெரிவதில்லை. அந்தச் சிறு பாதையின் விட்டம் 2 முதல் 3 மி.மீ. இருந்தால் மேற்பரப்பு நயமாக வரும், 5 மி.மீ. என்றால் மரத்தை வேகமாக எடுக்கும். நமக்கு முன்னதே போதும். உப்புத்தாள் வட்டிலுள்ள துளைகள் இயந்திரத்தின் அடித்தட்டிலுள்ள துளைகளோடு பொருந்துகின்றனவா என்பதையும் பார்த்து வாங்குங்கள். பொருந்தாவிட்டால் தூசு உறிஞ்சப்படாது.

தூசைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. நான் இந்த இயந்திரத்தை வகுப்பறையிலோ பிள்ளைகள் இருக்கும் நேரத்திலோ ஓட்டுவதில்லை. வீட்டு முற்றத்தில், என்95 முகக்கவசம் அணிந்து, தூசுப்பையை மாட்டித்தான் வேலை. மாணவர்கள் கையில் இயந்திரத்தைக் கொடுப்பதும் இல்லை.

டான்கிராம் செய்வோருக்கு ஒன்று: துண்டுகளாக அறுத்தபின் சேண்டரைத் தொடாதீர்கள்; மூலைகள் உருண்டு, ஏழு துண்டுகளும் சேரும்போது இடைவெளி விழும். முழுப் பலகையாக இருக்கும்போதே 80, 120, 180 என்ற வரிசையில் தேய்த்து முடித்துவிட்டு, பிறகு அறுங்கள். அறுத்த விளிம்புகளுக்குக் கையால் 180 உப்புத்தாளில் இரண்டு இழுப்பு போதும்.