பாதி மனை

அரியலூரில் பிறந்து, உத்தியோகத்தின் பெரும்பகுதியைப் பெரம்பலூரில் கழித்தவனாகிய நான், ஓய்வுபெற்றபோது கைக்கு வந்த பணத்தைக் கொண்டு துறைமங்கலத்துப் பக்கம் ஒரு வீடு கட்டிக்கொள்ள ஆசைப்பட்டதில் பிசகொன்றும் இருந்ததாக இன்றும் நினைக்கவில்லை. நான் விரும்பிய தெருவில் 40 அடிக்கு 60 அடி கொண்ட முழு மனை என் சக்திக்கு மிஞ்சியது. ஆகவே நெடுகப் பிளந்து விற்ற மனையொன்றில் 20 அடி அகலமுள்ள பாதியை, 1200 சதுர அடியை, வாங்கினேன். மறுபாதியை வேறொருவர் வாங்கினார்.

மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, கிரயப் பதிவு ஆகியவை யாவரும் செய்பவையே, விவரிக்க வேண்டியதில்லை. அங்கீகாரம் பெறாத மனைகளைப் பதிவு செய்யலாகாதென்று 2016 செப்டம்பர் 9-ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம் தடைவிதித்த காலத்தில் என் சகாக்கள் பட்ட பாட்டைக் கண்டவனாதலால், மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகார எண் இருக்கிறதா என்பதையும் மறவாமல் பார்த்தேன். இருந்தது. அந்தக் கர்வமே என்னைக் கெடுத்தது.

அந்த எண் முழு மனைக்கு உரியது, பாதிக்கு உரியதன்று. சர்வேயர் வந்து அளந்து, புல எண்ணுக்குப் பின்னால் ஓர் உட்பிரிவு எண் சேர்த்து, என் பெயரில் தனிப்பட்டாவும் வந்தபின், "பட்டாவே உங்க பேருக்கு வந்துடுச்சு, அப்புறம் என்ன சார்?" என்று புரோக்கர் சிரித்தார், நானும் சிரித்தேன். பட்டாவில் வரும் உட்பிரிவு வருவாய்த் துறையின் காரியம் என்பதும், அங்கீகாரம் பெற்ற மனையொன்றை இரண்டாக்குவதற்கு நகரமைப்புச் சட்டத்தின்கீழ்த் தனியே உட்பிரிவு அனுமதி பெறவேண்டும் என்பதும், பெயர் ஒன்றாயினும் இவை வேறு வேறு விவகாரங்கள் என்பதும், 2022-இல் கட்டட வரைபடத்தோடு நான் அனுமதிக்குப் போய் நின்ற அன்றுதான் எனக்கு விளங்கின. அதிகாரி கோபிக்கவில்லை, அங்கீகார வரைபடத்தை விரித்து, "இதிலே உங்க மனை எங்கே ஐயா இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

பிறகு பதினொரு மாதம். உட்பிரிவு விண்ணப்பத்தில் மறுபாதிக்காரரின் சம்மதமும் வேண்டியிருந்தது. தமக்குக் கட்டும் உத்தேசம் இப்போதில்லையென்று அவர் கையெழுத்திட மறுத்தார். எதிர்வீட்டுப் பெரியவரோ, பாதி மனைகளில் வீடு முளைத்தால் தெருவின் லட்சணமே போய்விடும் என்று அவருக்கு உபதேசம் செய்துகொண்டிருந்தார். தெருவின் அகலமும் சாக்கடையும் இத்தனை மனைகளுக்கென்று கணக்கிட்டே அமைக்கப்பட்டவை என்னும் நியாயத்தை நான் மறுக்கவில்லை; ஆனால் முழு மனையில் இரு முதியவர் மட்டும் வசிக்கும் மாளிகை லட்சணமென்றும், பாதியில் பேரப்பிள்ளைகளோடு ஒரு குடும்பம் வாழ்வது அவலட்சணமென்றும் சொல்லும் அபிப்பிராயம் எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறதோ! ஒரு மனைக்கு ஒரே குடும்ப வீடென்ற கட்டுப்பாட்டை அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரசபையே 2018-இல் தளர்த்தி, மூன்று குடும்பங்கள் வரை வசிக்கலாமெனத் தீர்மானித்தது. இதைப் பெரியவரிடம் சொன்னேன். அவர் செய்தித்தாளைப் புரட்டினார்.

இன்னொன்று. 2019-ஆம் ஆண்டின் கட்டட விதிகள் சாதாரணக் கட்டடங்களுக்குத் தளப்பரப்புக் குறியீட்டை இரண்டாக வைத்திருப்பதால் 1200 அடியில் 2400 அடி கட்டலாமென்று மேஸ்திரியும் நானும் கணக்குப் போட்டிருந்தோம். முன்னும் பின்னும் பக்கத்திலும் விடவேண்டிய இடத்தைக் கழித்த பின் இருபதடி அகலத்தில் மிஞ்சுவது எவ்வளவென்று யாரும் கணக்குப் போடவில்லை. மகளுக்கென்று நினைத்திருந்த தனிப் போர்ஷன் அங்கேயே மறைந்தது.

ஆகவே பாதி மனை வாங்குவோர் பணத்தை எண்ணிக் கொடுக்குமுன் உட்பிரிவு அனுமதியை விற்பவர் தலையிலேயே கட்டுங்கள். மறுபாதிக்காரரின் கையெழுத்தை அன்றைக்கே வாங்கிவிடுங்கள். பாதி வாங்காதீர்கள் என்று மட்டும் நான் சொல்லமாட்டேன். நம் போன்றவர்களுக்கு வேறு வழி ஏது?

மறுபாதிக்காரர் கடைசியில் கையெழுத்திட்டார். சென்ற தையில் அவரும் வீடு கட்டத் தொடங்கினார். உட்பிரிவுக்கு நான் கட்டிய கட்டணத்தில் தம் பங்கை இன்னும் தரவில்லை.