போலி அடையாளமும் விமானப் பயணமும்: குற்றம், தண்டனை, விதிவிலக்கு

மாணவர்களே, விமானப் பயணி யார் என்பதை உறுதிசெய்யும் பிரதான ஆவணம் கடவுச்சீட்டாகும். அதில் பொய்யான விபரத்தைக் காட்டுவது விமான நிறுவனத்தை மட்டுமன்றி அரசையும் ஏமாற்றுவதாகும். எனவே பல நாடுகள் இதனைக் குற்றவியற் குற்றமாகக் கொள்கின்றன. இலங்கையில் இவ்விடயம் 1948 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கக் குடிவருவோர் குடியகல்வோர் சட்டத்தின் கீழ் வருகின்றது. இங்கு பிரித்தானியச் சட்டத்தை உதாரணமாகக் கொண்டு கற்போம்.

1. எவை குற்றமாகும்?
(அ) போலியாகத் தயாரித்த அல்லது மாற்றம் செய்த கடவுச்சீட்டைப் பயன்படுத்தல்
(ஆ) பொய்த் தகவல் கொடுத்துப் பெற்ற கடவுச்சீட்டைப் பயன்படுத்தல்
(இ) இன்னொருவரின் உண்மையான கடவுச்சீட்டைத் தன்னுடையதாகக் காட்டல்

2. தண்டனை
பிரித்தானியாவின் 2010 ஆம் ஆண்டு அடையாள ஆவணங்கள் சட்டம் இரு நிலைகளை வேறுபடுத்துகின்றது.
• தன்னை இன்னாரெனக் காட்டப் பயன்படுத்தும் நோக்குடன் இத்தகைய ஆவணத்தை வைத்திருத்தல்: 10 ஆண்டுகள் வரை சிறை (பிரிவு 4)
• தகுந்த காரணமின்றி வைத்திருத்தல் மாத்திரம்: 2 ஆண்டுகள் வரை சிறை (பிரிவு 6)
ஆவணம் ஒன்றாயினும் தண்டனை வேறு. தண்டனையின் அளவைத் தீர்மானிப்பது நோக்கமே என்பதைக் கவனிக்குக.

3. விதிவிலக்கு
உயிராபத்திலிருந்து தப்பி ஓடுபவர் தனது அரசிடம் கடவுச்சீட்டுக் கேட்க முடியுமா? இதனைக் கருத்திற்கொண்டே 1951 ஆம் ஆண்டு அகதிகள் சமவாயத்தின் 31 ஆம் உறுப்புரை அமைந்தது. அபாயமுள்ள இடத்திலிருந்து நேரடியாக வந்து, தாமதமின்றி அதிகாரிகளிடம் தம்மை வெளிப்படுத்தி, தகுந்த காரணம் காட்டும் அகதிகளை, சட்டவிரோதமாக நுழைந்தமைக்காகத் தண்டித்தலாகாது. இச்சமவாயத்தில் இலங்கை இணையவில்லை.

வழக்கு: 2005 இல் எத்தியோப்பியப் பெண் ஒருவர் இலண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் போலி இத்தாலியக் கடவுச்சீட்டைக் காட்டி வாஷிங்டன் செல்ல முயன்றபோது பிடிபட்டார். ஒரே செயலுக்காக அவர்மீது இரு குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. போலி ஆவணக் குற்றச்சாட்டிலிருந்து யூரிமார் அவரை விடுவித்தனர். ஆயினும் விமான சேவையை ஏமாற்றிப் பெற முயன்றமைக்காக 9 மாதச் சிறை விதிக்கப்பட்டது. 2008 இல், அப்போது அந்நாட்டின் உச்ச மேன்முறையீட்டு நீதிமன்றமாக விளங்கிய பிரபுக்கள் சபை, 3 இற்கு 2 என்ற பெரும்பான்மையால் அத்தீர்ப்பை இரத்துச் செய்தது. பாதுகாப்புத் தேடி இடைவழியில் நிற்பவருக்கும் 31 ஆம் உறுப்புரை பொருந்தும் என அது கூறியது.

மாதிரி வினா
பயணச்சீட்டில் பெயரின் ஓரெழுத்துத் தவறாக அச்சிடப்பட்டவரும் சகோதரரின் கடவுச்சீட்டிற் பயணிப்பவரும் சமமான குற்றவாளிகளா?

விடை: இல்லை. முன்னவரிடம் ஏமாற்றும் நோக்கமில்லை. எனினும் அவர் விமானமேற மறுக்கப்படலாம். ஆகவே பயணத்திற்கு முன்னரே திருத்திக்கொள்ள வேண்டும். பின்னவர் அறிந்தே ஏமாற்றுகின்றார். கடவுச்சீட்டு உண்மையானதாயினும் அது குற்றமாகும்.

நினைவிற் கொள்க: பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, கடவுச்சீட்டு ஆகிய மூன்றிலும் உங்கள் பெயரின் ஆங்கில எழுத்துகள் ஒன்றாக உள்ளனவா என இப்போதே ஒப்பிட்டுப் பாருங்கள்.