அரசமரமும் சங்கமித்தையும்



குளக்கரை அரசமரம், அடியில் பிள்ளையார், பக்கத்துல நாகர் கல், கிளையில் கட்டிய துணித் தொட்டில். இதெல்லாம் நாம் தினமும் பார்ப்பதுதான். இந்த மாதப் பாடமும் ஓர் அரசமரத்தைப் பற்றியதே. ஆனால் அது நிற்பது இலங்கையின் அநுராதபுரத்தில். வயசு 2,200 ஆண்டுக்கு மேல். மனுசர் கையால் நட்டு, நட்ட காலமும் தெரிந்த மரங்களில் இதுதான் மூத்தது என்கிறார்கள்.

அதைக் கொண்டுவந்தவர் ஒரு பெண். அநுலா என்ற அரசகுலப் பெண்ணும் அவரோடு பல பெண்களும் துறவு வேண்டும் என்று கேட்டார்களாம். "பெண்களுக்குத் துறவு கொடுக்கப் பெண் துறவிதான் வரணும்" என்று சொன்ன மகிந்தர், தங்கை சங்கமித்தைக்கு ஆள் அனுப்பச் சொன்னார். அசோகரின் மகளான சங்கமித்தை, புத்தர் ஞானம் பெற்ற கயா மரத்தின் கிளையோடு கப்பலேறி, யாழ்ப்பாணப் பக்கம் சம்புகோளத் துறையில் இறங்கினார் என்கிறது மகாவம்சம். பெண்கள் வாய் திறந்து கேட்டதால் வந்த மரம்! தாய் மரமோ பலமுறை அழிந்தது. இப்போது கயாவில் நிற்பது 1881இல் நட்டது.

அங்குள்ள விவசாயிகள் புது அறுவடை அரிசியை முதலில் இந்த மரத்துக்குத்தான் படைக்கிறார்கள். வறட்சியும் பூச்சியும் யானைத் தொல்லையும் வராது என்பது நம்பிக்கை. மரத்தையும் சும்மா விடவில்லை. அந்தக் காலத்தில் காட்டு யானை வராமல் ராத்திரியில் தீ மூட்டிக் காவல் இருந்தார்கள். பிறகு மதில் கட்டினார்கள். சாய்ந்த கிளைகளுக்கு இன்று முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். நாமோ கும்பிடுற மரத்திலேயே ஆணி அடிக்கிறோம்.

பிள்ளை வரம் கேட்பது அங்கேயும் உண்டு. "அரசமரத்தைச் சுத்திட்டு அடிவயித்தைத் தொட்டுப் பார்த்தாளாம்" என்று நம் ஊரில் கேலி பேசுவார்கள். சுத்துவதில் தப்பில்லை, மனசுக்கு ஆறுதல்தான். ஆனால் சுத்துறது, பேச்சு வாங்குறது எல்லாம் பொண்ணு மட்டும்தானே? குறை ஆணிடமும் இருக்கலாம். ஆணுக்கான விந்துப் பரிசோதனை ரொம்ப எளிது, வலியே இல்லை. சேர்ந்து வாழ்ந்து ஒரு வருடமாகியும் கரு தங்கவில்லை என்றால், பெண்ணுக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே, கணவன் மனைவி இருவரும் சேர்ந்து ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

குழுவில் பேச: உங்க ஊர் அரசமரத்தை நட்டது யார்? வயதான பாட்டிகளிடம் கேட்டு நமக்கு எழுதுங்கள்.