காற்று வாயிலின் காவல்

அமெரிக்காவின் விஸ்கான்சினில், பள்ளிப் பணியாளர் வகுப்புதோறும் நுழைந்து வெப்பநிலையை அறிந்து, பின் அடித்தளம் இறங்கிக் காற்றுத் தடுப்பிதழ்களைக் கையால் திருத்துவார். பாடம் இடையறும். அங்கு ஆசிரியராயிருந்த வாரன் ஜான்சன் 1883-இல் மின் தெர்மோஸ்டாட்டுக்குக் காப்புரிமை பெற்றார். அது அடித்தளத்திற்கு அறிவிப்பு மட்டுமே தந்தது.

பின்னாளில் தெர்மோஸ்டாட்டே இதழ்களை இயக்கலாயிற்று. வெளிக்காற்றும் அறையிலிருந்து திரும்பும் காற்றும் கலந்து, ஏறத்தாழ 13° செல்சியசில் நிற்குமாறு ஓர் இதழ் திறக்க மற்றொன்று மூடும். கடுங்குளிரிலும் வெளிக்காற்றிதழ் முற்றும் அடைவதில்லை. உள்ளிருப்போர் மூச்சுவிட வேண்டுமன்றோ! ஆனால் வெப்பமூட்டும் சுருள்குழாயைக் கடந்த காற்றே உறைநிலையை நெருங்கினால், குழாய்நீர் உறைந்து குழாய் வெடிக்கக்கூடும். அந்நிலையில் காப்புத் தெர்மோஸ்டாட் விசிறியை நிறுத்தி, வெளிக்காற்றிதழை முழுமையாக மூடிவிடும்.