பித்தளைத் தகடு சொன்ன சேதி

ரயில்வேயில் முப்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். படித்தது எந்திரவியல் டிப்ளமோ. சென்ற ஆண்டு உறவினர் வீட்டுத் திருமணத்துக்காகச் சூரியநெல்லி போயிருந்தேன். அங்கே தேயிலைத் தோட்ட லயத்தில் வசிக்கும் ஓர் அம்மா, துணியில் சுற்றிய பித்தளைத் தகடு ஒன்றைக் கொண்டுவந்தார்.

"சார், இது குண்டளை ரயிலு இஞ்சின்ல இருந்ததுன்னு வீட்டுல சொல்லுவாங்க. ரயிலோடதுன்னா நல்ல விலை தாரேன்னு ஒருத்தர் கேக்குறாரு. நீங்க பாத்துச் சொல்லுங்க."

குண்டளை ரயில் கட்டுக்கதை அன்று. மூணாறுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே 1902இல் ஒற்றைத் தண்டவாளப் பாதை ஓடியது. வண்டியை மாடுகள் இழுத்தன. 1908இல் அது இரண்டடி அகல நீராவி ரயிலாயிற்று. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் இறங்கி, போடிநாயக்கனூர் போய்ச் சேர்ந்தன. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போயிற்று. மீண்டும் அது போடப்படவே இல்லை.

இனி, தகட்டை ஆராய்ந்த முறையைச் சொல்கிறேன். வாசகர்களுக்கும் பயன்படும்.

முதலாவதாக, புளி போட்டுத் தேய்க்கக் கூடாது. தேய்ந்த எழுத்து அதோடு போய்விடும். சோப்புத் தண்ணீரும் மெல்லிய பிரஷும் போதும்.

இரண்டாவதாக, மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத எழுத்து தாளில் எழும்பும். 'மார்ஷல் சன்ஸ், கெய்ன்ஸ்பரோ' என்பது வெறும் கண்ணுக்கே தெரிந்தது. அதன் கீழே 'ஜாக்சன்' என்பது தாளில்தான் தெரிந்தது.

மூன்றாவதாக, கம்பெனிப் பெயரை மட்டும் நம்பக் கூடாது. மார்ஷல் 1848இல் இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் தொடங்கிய நிறுவனம். நீராவி எந்திரம், பாய்லர், கதிரடிக்கும் எந்திரம், ரோடு ரோலர் எனப் பலவும் செய்தது. ஆகவே பெயர் ஊரைச் சொல்லும், உபயோகத்தைச் சொல்லாது. உபயோகத்தைச் சொன்னது ஜாக்சன் என்ற பெயர்தான். வில்லியம் ஜாக்சன் தேயிலை உருட்டும் எந்திரங்களை வடிவமைத்தவர். அவற்றைச் செய்து விற்றது மார்ஷல். ரயில் இஞ்சின் தகட்டில் வழக்கமாக இருக்கும் கட்டிய ஆண்டும் இதில் இல்லை.

வாடிய கொழுந்தை மேசைக்கும் மேல்பெட்டிக்கும் நடுவே வைத்து எந்திரம் சுழற்றும். இலை முறுகிச் சாறு வெளிவரும். காற்றுப் பட்டுப் பழுப்பாகும். கைகள் செய்துவந்த வேலையை எந்திரம் எடுத்துக்கொண்டது இப்படித்தான்.

நான்காவதாக, பொருளைப் பார்த்த பிறகு ஆளைக் கேட்க வேண்டும். "உங்கள் மாமனார் எங்கே வேலை பார்த்தார், அம்மா?" என்றேன்.

"ஃபேக்டரில, ரோலர் ரூம்ல சார். அந்தச் சத்தத்துலயே காது மந்தமாயிருச்சு."

ரயில் என்று நான் சொல்லியிருந்தால் அவர் கையில் பணம் கிடைத்திருக்கும். சொல்ல மனம் வரவில்லை. இது உருட்டும் எந்திரத்தின் தகடு என்றே சொன்னேன். அவர் சற்று நேரம் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இது அவரு மிஷினோடதா? குடுக்க மாட்டேன் சார்" என்று மறுபடி துணியில் சுற்றினார்.

மாமனாரின் பெயரையும் வேலை செய்த இடத்தையும் ஒரு தாளில் எழுதி அதனுடன் வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தகடு இருந்தால், விவரம் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே எழுதி வையுங்கள்.