பொதுக் கலைக்களஞ்சியத்தில் எழுதும் முறை



நம் பிள்ளைகள் இன்று ஒரு விஷயத்தை அறிய வேண்டுமாயின் பெரியவர்களைக் கேட்பதில்லை, கைத்தொலைபேசியைக் கேட்கிறார்கள். அங்கே பெரும்பாலும் முன்வந்து நிற்பது விக்கிப்பீடியா என்னும் கலைக்களஞ்சியம். 2001-ல் ஆங்கிலத்தில் தொடங்கிய அதற்கு 2003 முதல் தமிழ்ப் பதிப்பும் உண்டு. அதில் எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம். ஆகவே, நம்மவர் வரலாற்றை நாம் எழுதாவிட்டால் அது அங்கே இல்லாமற் போகும். அல்லது அறியாதவர் எழுதியபடியே நிற்கும். அம்முறையைச் சுருக்கமாகக் கவனிப்போம்.

1. பழகும் இடம்: சிட்டையில் குறித்துப் பார்த்த பிறகுதானே பேரேட்டில் ஏற்றுகிறோம்! அதுபோல் எழுதிப் பழகுவதற்கென்றே "மணல்தொட்டி" என்னும் பக்கம் இருக்கிறது. கை பழகியபின், வேண்டிய பக்கத்தில் "தொகு" என்பதை அழுத்தித் திருத்தலாம். வெளியிடுமுன் முன்தோற்றத்தைப் பார்ப்பது அவசியம்.

2. குறிகள்: பிரிவுத் தலைப்புக்கு இருபுறமும் இரண்டிரண்டு சமக்குறி: == வரலாறு ==. தடித்த எழுத்துக்கு இருபுறமும் மும்மூன்று ஒற்றை மேற்கோள்: '''நாகூர் தர்கா'''. வேறு பக்கத்துடன் இணைக்க இரட்டைச் சதுர அடைப்பு: [[சிங்கப்பூர்]]. பட்டியலுக்கு வரியின் தொடக்கத்தில் * குறி. புதிய பத்திக்கு ஒரு வரியை வெறுமையாக விட வேண்டும்; இல்லையேல் இரண்டு பத்திகளும் ஒட்டிக்கொள்ளும்.

3. ஆதாரம்: சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவிலுள்ள நாகூர் தர்கா 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டப்பட்டது, 1974-ல் தேசிய நினைவுச்சின்னமாயிற்று. இதை எழுதினால், எந்த நூலில் கண்டோம் என்பதையும் அடிக்குறிப்பாகச் சேர்க்க வேண்டும். ரசீது இல்லாத செலவைக் கணக்கில் ஏற்றுவோமா? "எங்கள் வாப்பா சொன்னார்" என்பது அங்கே செல்லாது. ஆகையால் பெரியவர்களின் நினைவுகள் முதலில் அச்சேற வேண்டும். 1887 முதல் 1890 வரை வெளிவந்த "சிங்கைநேசன்" அச்சில் இருந்ததால்தான் இன்றும் அதை எடுத்துக்காட்ட முடிகிறது.

4. விளம்பரம் ஆகாது: நம் கடையையோ குடும்பத்தையோ புகழ்ந்து எழுதுவதற்கு அது இடமன்று. அத்தகைய பக்கங்கள் நீக்கப்படும்.

5. வரலாறும் உரையாடலும்: யார், எந்த நேரத்தில், எதை மாற்றினார் என்பது "வரலாறு" பகுதியில் பதிவாகி நிற்கும். பிழையான மாற்றத்தை முன்பிருந்தபடி மீட்கலாம். கருத்து வேற்றுமை எழுந்தால் மாறி மாறி அழிக்காமல் "உரையாடல்" பக்கத்தில் காரணம் சொல்லி, இறுதியில் ~~~~ என்று இட வேண்டும். நம் பயனர் பெயரும் நேரமும் தாமே பதியும்.

சகோதரர்களே! கணக்கு எழுதத் தெரிந்த கைக்கு இது பெரிய வித்தையன்று. கடை அடைத்தபின் கால் மணி நேரம் போதும். ஊர்ப் பக்கத்தையோ பள்ளிவாசல் பக்கத்தையோ இம்மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். பிழையான ஆண்டு ஒன்றை ஆதாரத்துடன் திருத்தினாலும், வருங்காலப் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கை நேர்செய்து வைத்தவர்கள் ஆவோம்.